ஓரம் கணக்கில் வராது

பத்து வருஷம் நான் மூத்த மகனாக இருந்திருக்கிறேன். ஒட்டு மீசை, தலைப்பாகை, நைனாவின் பழைய வேட்டி, தோளில் மண்வெட்டி. நிஜத்தில் நான் எங்கள் வீட்டில் இளையவள், அதுவும் பெண். ஆனால் திருப்பதி ரோட்டில் வடமாலபேட்டைக்கு இந்தப் பக்கம், ரோட்டை ஒட்டி இருக்கிற எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை அன்று சாயங்காலம் கெட்ட குமாரன் நாடகம் போட்டாக வேண்டும், அதில் மூத்தவன் வேஷத்துக்கு எந்த ஆம்பிளையும் முன்வரமாட்டான்.

ஏன் வரமாட்டான் என்று கதையைக் கேட்டால் புரிந்துவிடும். ஒரு அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவன் தன் பங்கை வாங்கிக்கொண்டு தூர தேசம் போகிறான். எல்லாவற்றையும் தொலைக்கிறான், பன்றி மேய்க்கிறான், பன்றிக்குப் போடும் தவிடாவது கிடைக்காதா என்று ஏங்குகிறான், கடைசியில் திரும்பி வருகிறான். அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். நல்ல துணி, மோதிரம், கொழுத்த கன்றை அடித்து விருந்து. கூடவே இருந்து உழைத்த பெரியவன் வயலிலிருந்து வந்து மேளச் சத்தம் கேட்டு, விஷயம் தெரிந்து, உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிடுகிறான். அப்பா வெளியே வந்து அவனையும் கெஞ்சுகிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று கதையில் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிற இந்த வேஷத்துக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது என்று சபை மொத்தமும் ஒரே மனதாகத் தீர்மானித்தது. அப்போதே எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் வசதியாகப் போயிற்று அவர்களுக்கு.

அப்பா வேஷம் எப்போதும் நைனாதான், என் நிஜ அப்பா. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டராக இருந்து, முப்பது வருஷம் மணி அடித்து ரிட்டையர் ஆனவர். சபைக்குச் செயலாளர். ஒரு நிமிஷம் முந்தியும் அடிக்கமாட்டார், பிந்தியும் அடிக்கமாட்டார், சொன்ன சொல்லையும் அப்படித்தான் வைத்துக்கொள்வார். கெட்ட குமாரன் வேஷம் ஊர் தையல்காரருக்கு. அவர் மேடையில் ஏறமாட்டார், ரோட்டிலிருந்து வருவார். அதுதான் எங்கள் சபை வழக்கம். தப்பு மேளம் அடிக்கத் தொடங்கியதும் நைனா மேடையை விட்டு இறங்கி, ஜனங்கள் நடுவே சர்ச் கேட்டுவரை ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ளவேண்டும். இருபத்தாறு அடி. ஒவ்வொரு வருஷமும் அந்த இருபத்தாறு அடிக்குச் சபையே அழும்.

நைனாவுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. அதனால் வருஷா வருஷம் நான் திருப்பதிக்குப் பஸ் ஏறி, நாடக சாமான் வாடகைக்கு விடும் கடையில் வெள்ளைச் சடையும் தாடியும் எடுத்து வருவேன். அது ரிஷி வேஷத்துக்கானது. அதைக் கட்டிக்கொண்டு நைனா ஓடினால் யாருக்காவது சாபம் கொடுக்கப் போகிறார் போலத்தான் இருக்கும். ஒரு தடவை கடைக்காரரிடம், "இது நைலானா?" என்று கேட்டுவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரிஜினல் முடிம்மா. திருப்பதில உக்காந்துக்கினு முடிக்கு நான் நைலான் வாங்குவனா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மலையில் யாரோ சாமிக்குக் கொடுத்த முடியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் எங்கள் சபைச் செயலாளர் மன்னிப்பைப் பற்றி நடிக்கிறார் என்பதை அவரிடம் சொல்ல எனக்கென்ன தலையெழுத்தா.

இனி அண்ணன் சமாசாரம். ஆறு வருஷத்துக்கு முன்பு அவன் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். தமிழ்நாட்டுப் பக்கத்து ஆட்களை மலைக்கு ஏற்றி இறக்குவது வேலை. அறுப்பின் பண்டிகைக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு சவாரி போனவன், பளபளவென்று மொட்டைத் தலையோடு, அதில் மஞ்சளாகச் சந்தனம் அப்பிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனா கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன்டா?"

"அந்தப் பாப்பா அழுதுக்கினே இருந்துச்சு நைனா. கத்திய பாத்தாலே நடுங்குது. நான் மொதல்ல உக்கார்றேன் பாரு, வலிக்காதுன்னு சொல்லி உக்காந்தேன்."

"யாரு பாப்பா?"

"சவாரி வந்தவங்க பாப்பா."

"பேரு?"

"தெரியாது நைனா."

"பேரு தெரியாத புள்ளைக்கு மொட்டை போட்டுக்கினு வந்து நிக்கறான்" என்று நைனா என்னைப் பார்த்துச் சொன்னார், நானே சிரைத்து அனுப்பிய மாதிரி.

விஷயம் பாஸ்டர் காதுக்குப் போயிற்று. அவர் தெலுங்குக்காரர், நல்ல மனுஷன். "ஜுட்டே கதா அய்யா, பெருகுதுந்திலே" என்று சிரித்தார். முடிதானே ஐயா, வளர்ந்துவிடும் என்று. அவர் சமாதானத்துக்குச் சொன்னதை நைனா சட்டமாக எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம், "முடி வளந்தப்புறம் வந்து இந்த வாசப்படி மிதி" என்றார்.

"அப்ப வீடு எனக்கில்ல, என் முடிக்கா?"

"ஆமா."

அந்த ஒரு "ஆமா"வுக்கு ஆறு வருஷம் ஆயிற்று. நியாயமாகப் பார்த்தால் மூன்று மாதத்தில் தீரவேண்டிய தண்டனை. ஆனால் அவனும் இவருக்குப் பிறந்தவன்தானே. நாயுடுபேட்டையில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான், முடி எட்டிப் பார்த்தாலே பிளேடு போட்டுக்கொண்டான். அவனைத் துரத்திய மூன்றாம் நாள் பண்டிகை வந்தது. நைனா இருபத்தாறு அடி ஓடிப்போய் ஊர் தையல்காரரைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார், சபையும் அழுதது. நான் மண்வெட்டியோடு வெளியே நின்றுகொண்டு, இதை இந்த மனுஷன் தலையிலேயே போடலாமா என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பாவம்தான்.

அதற்கப்புறம் மாதா மாதம் ஒண்ணாந்தேதி காலையில் அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். புதிதாகச் சிரைத்த தலை, முகம்கூட இருக்காது. நைனா காபி குடித்துக்கொண்டே கேட்பார்.

"வளந்திருக்கா?"

"இல்ல நைனா."

"சரி."

எங்கள் வீட்டில் அண்ணனைப் பற்றிய பேச்சு மாதத்துக்கு இவ்வளவுதான். அம்மா இருந்திருந்தால் இரண்டு பேரையும் இரண்டு அறை விட்டு முடித்திருப்பாள். அவள் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷம் ஆகிறது.

இப்படியே போயிருக்கும், எனக்கு வேலை வராமல் இருந்திருந்தால். நாலு தடவை பரீட்சை எழுதி, இந்த வருஷம் டீச்சர் வேலை கிடைத்தது. போட்டது எங்கே? குப்பம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம், சித்தூர் ஜில்லாவின் அந்தக் கோடி. பதினைந்து நாளுக்குள் போய்ச் சேரவேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. நைனாவுக்கோ இரண்டு கண்ணிலும் புரை. ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். ஆபரேஷன் என்றால் பண்டிகை முடியட்டும் என்பார், எந்தப் பண்டிகை என்று சொல்லமாட்டார். அவரைத் தனியாக விட்டுப் போக முடியாது. சொன்னால், போகாதே என்பாரோ, போ என்று சொல்லிவிட்டுத் தனியாக அடுப்பில் கையைச் சுட்டுக்கொள்வாரோ என்று இரண்டுக்கும் பயந்து, ஆர்டரை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அண்ணன் வந்தால்தான் நான் போக முடியும். அண்ணன்மேல் பாசம் பொங்கி அவனைக் கூப்பிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அவன் உள்ளே வந்தால் நான் வெளியே போகலாம் என்றுதான் கூப்பிட்டேன்.

போனில் ஆர்டரை ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன்.

"மூணு மாசமா நான் பிளேடே வைக்கல பாப்பா. உனக்கு அனுப்பினதெல்லாம் பழைய போட்டோ."

"இத ஏன் மொதல்லயே சொல்லல? போட்டோ அனுப்பு."

படம் வந்தது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் பின்னாலும் நல்ல கருகருவென்று முடி. நடுவில் துடைத்துவிட்ட தரை. ஆறு வருஷம் கோபத்தில் சிரைத்துக்கொண்டே இருந்ததில், அடியில் வழுக்கை விழுந்ததை அவனே கவனிக்கவில்லை.

"எண்ண கிண்ண போட்டியா?"

"கரிசலாங்கண்ணி, வெங்காயச் சாறு, எல்லாம் ஆச்சு. கம்பெனில பக்கத்துல எவனும் நிக்கறதில்ல. நான் வர ரெடி பாப்பா. முடிதான் ரெடியில்ல."

நைனாவிடம் போனேன். நல்ல நேரம் பார்த்து, மீன் குழம்பு வைத்து, அவர் இரண்டு வாய் துன்ற வரைக்கும் பொறுத்துச் சொன்னேன். அவர் கை நின்றது.

"ஓரத்துல இருக்கா?"

"ஓரத்துல நல்லாவே இருக்குது நைனா."

யோசித்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

"ஓரம் கணக்குல வராது."

"உங்க தலைய தொட்டுப் பாத்துக்கினு பேசுங்க."

"நான் எங்கயும் குடுத்துட்டு வரல. தானா போச்சு."

"அவனுக்கும் தானாத்தான் போச்சு."

"மொதல்ல அவன் குடுத்தான். மிச்சம் கோவிச்சுக்கினு போயிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

இந்த மனுஷனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது சொல்லுங்கள். அண்ணன் நாடகமாவது பார்க்க வரட்டுமா என்று கேட்டேன். "வரலாம். அது சர்ச் காம்பவுண்டு, என் வாசப்படியில்ல" என்றார். வந்தவனை எப்படியாவது வீட்டுக்குள் தள்ளிவிடலாம் என்று நினைத்து அண்ணனை வரச் சொன்னேன். அப்போது வேலையில் சேர நாலு நாள்தான் பாக்கி.

பண்டிகை அன்று ஆராதனை, காணிக்கை, பூசணிக்காய் வாழைத்தார் ஏலம் எல்லாம் முடிந்து நாலு மணிக்கு நாடகம் ஆரம்பித்தது. நான் மீசை ஒட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். என் காட்சி கடைசியில்தான். அண்ணனைக் காணோம். அந்த நேரம் பார்த்து, திருப்பதியிலிருந்து சென்னை பக்கம் போகிற ஒரு டூரிஸ்ட் பஸ் எங்கள் சர்ச் எதிரே டயர் வெடித்து நின்றது. இறங்கினார்கள் பாருங்கள், நாற்பது பேர், அத்தனை பேரும் மொட்டை. ஆண், பெண், குழந்தை, ஒருத்தர் பாக்கியில்லை. எல்லார் தலையிலும் சந்தனம். டயர் மாற்றுகிற வரைக்கும் என்ன செய்வார்கள், நாடகம் பார்க்க எங்கள் கேட்டில் வந்து நெருக்கி நின்றார்கள். கூட்டத்துக்குப் பின்னால் கிழிந்த கோணியைக் கட்டிக்கொண்டு கெட்ட குமாரன் மாட்டிக்கொண்டார். "வழி விடுங்க, நான்தாங்க காணாம போனவன்" என்று தையல்காரர் கெஞ்சுகிறார். "நாங்களும்தான் வண்டி போய் நிக்கறோம், இருய்யா" என்கிறார் ஒரு அம்மா.

தப்புச் சத்தம் கேட்டது. நைனா மேடையை விட்டு இறங்கினார். சடை பறக்க, தாடி பறக்க, அடியை எண்ணிக்கொண்டே ஓடி வந்தார். புரை விழுந்த கண்ணுக்கு என்ன தெரியும்? வெயிலில் மஞ்சளாக, உருண்டையாக, பளபளவென்று ஒன்று கேட்டருகே தெரிந்திருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்பு வாசலில் வந்து நின்றது அப்படித்தானே இருந்தது. இருபத்தாறாவது அடியில் கையை விரித்து, முன்னால் நின்ற ஒரு மொட்டைத் தலையை அப்படியே கட்டிக்கொண்டார்.

அந்த ஆள் கையில் லட்டுப் பை இருந்தது. அவர் பையை உயரத் தூக்கிக்கொண்டார்.

"வந்துட்டியாடா" என்றார் நைனா. இது வசனத்தில் இல்லை. "எவ்ளோ நாளாச்சுடா. முடி கெடக்குது முடி, யாருக்குடா வேணும் அது. எனக்குக் கண்ணு தெரியலடா." அவரால் அழுகையை அடக்க முடியவில்லை. மேடையில் அழுகிற அழுகை எனக்கு மனப்பாடம். இது அதில்லை, மூக்கு ஒழுகி, குரல் உடைந்து, அசிங்கமாக அழுதார்.

அந்த ஆளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. "பெரியவரே, நான் ஊத்துக்கோட்டைங்க" என்றார். நைனா விடவில்லை. அந்த மனுஷன் சுற்றும் முற்றும் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மீசையைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றிற்றோ, லட்டுப் பையை யாரிடமோ கொடுத்துவிட்டு நைனாவின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். "சரி, சரி. வந்துட்டேன். அழுவாதீங்க" என்றார். முன்பின் தெரியாத ஒருவர் அழக்கூடாது என்று அவரும் மகனாகிவிட்டார், அன்றைக்கு அந்தப் பாப்பாவுக்காகக் கத்திக்கு முன்னால் உட்கார்ந்த அண்ணன் மாதிரி.

மேடையிலிருந்து பாஸ்டர், "இட்டு ரண்டி, இட்டு ரண்டி" என்று இந்தப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சபைக்கு எது நாடகம், எது இல்லை என்று தெரியவில்லை, ஆகவே கை தட்டினார்கள்.

எனக்குப் பக்கத்தில் ஒருத்தன் பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டோடு நின்றிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியாது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதைக் கழற்றினான்.

"நைனா. நான் இங்க இருக்கறேன்."

நைனா அந்தக் குரலுக்குத் திரும்பினார். ஒரு கையில் ஊத்துக்கோட்டைக்காரர் சட்டையைப் பிடித்தபடியே மறு கையை நீட்டி அண்ணன் தலையில் வைத்தார். தடவினார். முதலில் இடது பக்கம், அப்புறம் பின்பக்கம், அப்புறம் வலது. கடைசியில் நடுவில் கை நின்றது. சரிபார்க்கிறார். இவ்வளவு அழுத பிறகும் சரிபார்க்கிறார். அழுதது அந்த ஆளிடம், அது செல்லாது என்று சொல்லிவிட்டால் என் வேலை போச்சு, அண்ணனும் போச்சு.

"ஓரத்துல இருக்குது" என்றார்.

"இருக்குது நைனா."

"மேல இல்ல."

"வரல நைனா. எவ்ளோ பாத்தேன்."

நைனா ஊத்துக்கோட்டைக்காரரை விட்டார். தன் தலையிலிருந்த ரிஷிச் சடையை இரண்டு கையாலும் கழற்றினார், அண்ணன் தலையைத் தேடிப் பிடித்து வைத்து, காதுவரை இழுத்துவிட்டார்.

"இப்ப இருக்குது. வா" என்றார்.

மலையில் யாரோ கொடுத்த முடி, மலையில் முடி கொடுத்ததற்காகத் துரத்தப்பட்டவன் தலையில் போய் உட்கார்ந்தது. அது மலை முடி என்று எனக்கும் கடைக்காரருக்கும்தான் தெரியும். தப்பு பிளந்துகட்டிற்று. எல்லாரும் பந்தலுக்குள் போனார்கள், நாற்பது மொட்டைகளும், கோணி கட்டிய தையல்காரரும். கொழுத்த கன்றுக்குப் பதிலாக எங்கள் விருந்தில் கோழி பிரியாணி. மலைக்குப் போய் வந்தவர்கள் அதைத் தொடமாட்டோம் என்று தயிர் சாதம் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஊத்துக்கோட்டைக்காரர் லட்டைப் பிட்டு நைனா கையில் வைத்தார். நைனா தாடியை ஒதுக்கிவிட்டுத் துன்னார்.

நான் மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றேன், வேஷப்படி. நாடகம் முடிந்ததா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கவேண்டியவள்தான், நான் கேட்டது நடந்துவிட்டதே. ஆனால் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. ஆறு வருஷம் கஞ்சி ஊற்றி, கண்ணுக்கு மருந்து விட்டு, கை பிடித்துக் கூட்டிப் போனவள் நான். எனக்காக அவர் ஒரு அடி ஓடியதில்லை. பத்து வருஷம் மனப்பாடமாகச் சொன்ன வசனம் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நைனாவுக்குக் காட்சி மறக்கவில்லை. மொட்டைத் தலையும் வெள்ளைத் தாடியுமாக அடியை எண்ணிக்கொண்டே வெளியே வந்தார்.

"இத்தன வருசமா கூடவே இருந்தது யாரு நைனா?" என்றேன். வசனத்தில் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும்.

அவர், உள்ளே வா மகனே என்று சொல்லவேண்டும். சொல்லவில்லை. கையால் தடவி என் முகத்தைக் கண்டுபிடித்து, ஒட்டு மீசையை மெதுவாக உரித்து எடுத்தார்.

"குப்பத்துல எந்தத் தேதிக்குள்ள சேரணும்?"

"உங்களுக்கு யாரு சொன்னது?" என்றேன்.

"ஒரு நாளைக்கு ஒரு வாட்டிதான் சோறு வடிக்கற. அரிசி டப்பா பத்து வாட்டி தெறக்குது. எனக்குக் கண்ணுதான் போச்சு. கைய விட்டா காகிதம் கெடச்சுது, பாஸ்டர கூப்ட்டு படிக்கச் சொன்னேன்."

"சொல்லியிருக்கலாமில்ல நைனா."

"நீ சொல்லுவன்னு இருந்தேன்" என்றார். "நீ போம்மா. இங்க நின்னது போதும். நான் அவன்கிட்ட இருந்துக்கறேன்."

நான் மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர் தோளில் விழுந்து அழுதேன். உள்ளேயிருந்து பாஸ்டர், வசனம் தப்பு என்று நினைத்து எடுத்துக் கொடுத்தார். நைனா அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்.

கதையில் மூத்தவன் உள்ளே போனானா என்று தெரியாது. நான் போனேன். பிரியாணி ஆறிப் போயிருந்தது, துன்னேன். மறுநாள் காலை சடையையும் தாடியையும் திருப்பதியில் கடையில் கொடுத்துவிட்டு அப்படியே குப்பம் போனேன். கடைக்காரர் சடையை முகர்ந்து பார்த்து, "என்னம்மா வெங்காய வாசன அடிக்குது?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்த மாதம் ஒண்ணாந்தேதி காலையில், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிற நேரத்துக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. இரண்டு தலைகள், பக்கத்தில் பக்கத்தில், முகம் இல்லை. ஒன்றில் ஓரத்தில் கருப்பு முடி, இன்னொன்றில் அதுவும் கிடையாது. அடியில் நைனாவின் குரலும் வந்திருந்தது. பிள்ளைகள் வரிசையில் நிற்க, போனைக் காதில் வைத்துக் கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் வளரலம்மா" என்றார். "நீ எப்ப வர்ற?"